ஓட்டையை அடைத்த புண்ணியவான்களுக்கு

எங்கள் பிளாட்டில் ஓட்டையைக் கண்டால் யாருக்கும் பொறுக்காது. சுவரில் ஓட்டையா, சிமெண்ட் பூசு. கதவுக்கு மேலே காற்றுக்காக விட்ட இடைவெளியா, பிளைவுட்டை வைத்து ஆணி அடி. படிக்கட்டில் மாடிக்கு மாடி விட்டிருந்த திறப்பையும் இப்படித்தான் அடைத்துவிட்டார்கள். பச்சை நிற பிளாஸ்டிக் தகடு, நாலு மூலையிலும் திருகாணி, ஓரமெல்லாம் சிலிக்கோன். வேலை படு சுத்தம். அதுதான் எரிச்சலே. ஒழுகுகிற தண்ணீர்க் குழாயைப் பார்க்கச் சொன்னால் மாதக்கணக்கில் வராத ஆட்கள், இதை மட்டும் ஒரே வாரத்தில் கீழேயிருந்து உச்சி வரைக்கும் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஜார்ஜ் டவுனில் பழைய அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு எந்தத் திறப்பைச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. படி திரும்புகிற இடத்தில் இருக்குமே, அதுதான். லிப்ட் படுத்துவிட்ட நாளில் பாசாரிலிருந்து மீனும் காய்கறியும் தூக்கி வருகிறவர்கள் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற இடம். பள்ளிக்கூடப் பையன்கள் சிகரெட் பழகுகிற இடமும் அதுதான். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும். மற்ற நேரத்தில் புறா வந்து உட்காரும். சாரலும் புறாவும் செய்த குற்றத்துக்குத் திறப்புக்குத் தண்டனை.

கட்டியவன் செங்கல் மிச்சம் பிடிக்க விட்ட ஓட்டை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சட்டம் கேட்ட ஓட்டை ஐயா அது. மலேசியாவின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச்சட்டங்கள் என்று ஒன்று உண்டு. வீடு கட்டுகிறவர்கள் யுபிபிஎல் என்பார்கள். அதில் 198ஆவது விதி படிக்கட்டைப் பற்றியே பேசுகிறது. சுவர் எழுப்பி மூடிய படிக்கட்டென்றால், மாடிக்கு மாடி வெளிக்காற்று படும்படி நிரந்தரத் திறப்போ, திறக்கக்கூடிய சன்னலோ இருக்க வேண்டும். மாடிக்குக் குறைந்தது 1 சதுர மீட்டர். அப்படித் திறப்பு விட வழியில்லாத உயரக் கட்டடங்களுக்கு 200ஆவது விதி: இயந்திரம் வைத்துக் காற்றை மாற்று, இல்லாவிட்டால் படிக்கட்டுக்குள் காற்றை அழுத்திப் புகை நுழையவிடாமல் பண்ணு. கடலோரத்தில் இப்போது எழும்புகிற கொண்டோக்களில் அதற்கென்று பெரிய விசிறி, குழாய், கண்ட்ரோல் பெட்டி எல்லாம் உண்டு. சர்வீஸ் பண்ண ஆள் வரவேண்டும், கரண்ட் வேண்டும், தீ அலாரம் சொன்னவுடன் அது ஓட வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது வெறும் ஓட்டை. கரண்ட் கேட்காது, சர்வீஸ் கேட்காது, ஸ்பேர் பார்ட் கேட்காது. இந்தக் கட்டடத்திலேயே பழுதாகாமல் இருந்த ஒரே சாமான் அதுதான். அதையும் காசு கொடுத்துப் பழுதாக்கினோம்.

கமிட்டியில் இருக்கும் தம்பியை லிப்ட் வாசலில் பிடித்தேன்.

“யாரைக் கேட்டு அடைச்சீங்க தம்பி?”

“கூட்டத்துல பேசினோமே அண்ணே. நீங்க வரலையா?”

“வந்தேனே. கார் பார்க் சண்டை முடியவே மணி பன்னெண்டு. எல்லாரும் மீ கோரேங் பாக்கெட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.”

“அதுக்கப்புறம் பேசினோம் அண்ணே.”

“சரி, புகை எப்படி வெளிய போகும்?”

“எந்தப் புகை?”

“தீப்பிடிச்சா வர்ற புகை தம்பி.”

“இத்தனை வருஷமா பிடிக்கலையே அண்ணே. மழை வாராவாரம் பெய்யுது. ரெண்டாவது மாடி ஆன்ட்டி ஈரத்துல வழுக்கி இடுப்பப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்க. நாளைக்குக் கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது?”

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. சம்பளம் வாங்காத வேலை, வசவு மட்டும் நிறைய. ஆன்ட்டி விழுந்ததும் உண்மை. மழை கண்முன்னால் பெய்கிறது, தீ என்றைக்கோ வரப்போகிறது, வராமலும் போகலாம். இந்தக் கணக்கை வைத்துத்தான் ஊர் முழுக்க எல்லாரும் எல்லாவற்றையும் அடைக்கிறார்கள். ஆனால் ‘பிடிக்கலையே’ என்ற பேச்சு எனக்கு ஆகாது. இந்த ஊரின் பெரிய கோபுரமான கொம்தாரே, கட்டி முடிக்கும் முன்பே, 1983 ஜனவரியில் தீப்பிடித்தது. அதுவரை அதுவும் தீப்பிடிக்காத கட்டடம்தான்.

தீ என்றால் எல்லாருக்கும் நெருப்புதான் கண்ணுக்கு வருகிறது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. நெருப்பு ஒரு வீட்டுக்குள் நின்று எரியும்போதே புகை கதவிடுக்கில் கசிந்து, தாழ்வாரத்தில் ஓடி, படிக்கட்டைக் கண்டுபிடித்து, ஆள் ஏறுகிற வேகத்தைப் போலப் பல மடங்கு வேகத்தில் மேலே போய்விடும். சூடான புகை இலேசானது, மேலே போகத்தான் பார்க்கும். நடுவில் வெளியேற வழி இருந்தால் மாடிக்கு மாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். வழியில்லையென்றால் படிக்கட்டு அப்படியே ஒரு புகைபோக்கி. உச்சியில் முட்டி நின்று, அங்கிருந்து கீழ்நோக்கி நிறைந்துகொண்டே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் ஒட்டுகிற சுபாவம் அதற்கு. மெத்தையிலும் சோபாவிலும் இருக்கும் ஸ்பாஞ்சு எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வேறு. ஓடுகிறவன் நாலு மூச்சு இழுத்தால் கால் சொன்னபடி கேட்காது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் பார்க்கவில்லை. எட்டாவது மாடியில் ஒரு வீட்டில் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, தேங்காய்ப்பால் வாங்கக் கீழே போன அக்கா, கடையில் பேச்சு சுவாரஸ்யத்தில் நின்றுவிட்டார். தண்ணீர் வற்றி, பருப்பு கருகி, சட்டி சிவந்துவிட்டது. வீட்டின் பலகைக் கதவு திறந்தே இருந்தது. இரும்புக் கம்பிக் கதவுக்கு மட்டும் பூட்டு. புகை கம்பி வழியாகத் தாழ்வாரத்துக்கு வந்தது. படிக்கட்டுக்குப் போகிற கதவும் திறந்து கிடந்ததால் நேரே உள்ளே. நடந்ததைக் கேளுங்கள்: ஏழாவது மாடியில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சி மாடியில் மூன்று வீட்டுக்காரர்கள் இருமிக்கொண்டு வெளியே வந்து, தீ தங்கள் மாடியில்தான் என்று ஆளாளுக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அக்கா வந்து அடுப்பை அணைத்துச் சட்டியைத் தொட்டியில் போட்ட பிறகும் படிக்கட்டின் மேல் பாதி சாயங்காலம் வரைக்கும் கலங்கலாகவே இருந்தது. எரிந்தது ஒரு கைப்பிடி துவரம்பருப்பு. மெத்தையாக இருந்திருந்தால்?

அந்த மெத்தையும் தயாராகத்தான் இருக்கிறது. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணினால் பழைய மெத்தை படிக்கட்டுக்கு வரும். சீனப் புத்தாண்டுக்குப் பழைய சோபா. ஹரி ராயாவுக்குச் சுருட்டி வைத்த கம்பளம். இன ஒற்றுமையைப் பற்றி அமைச்சர்கள் மேடையில் பேசுவதைவிட எங்கள் படிக்கட்டைக் கூட்டிவந்து காட்டலாம். பெரிய சாமான்களை எடுத்துப்போக லாரி வரும் நாளும் அறிவிக்கிறார்கள். ஆனால் அந்த நாளில் கீழே தூக்கிப்போக ஆள் கிடையாது, ஏற்கனவே லிப்ட் பழுது. இப்போது புதிதாக மின்சார ஸ்கூட்டர் வேறு. பேட்டரியைக் கழற்றி, தாழ்வாரத்துக்கு ஒயர் இழுத்து, ராத்திரி முழுக்கச் சார்ஜ்.

படிக்கட்டுக் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சும்மா கதவில்லை, தீயைத் தடுத்து நிறுத்தும் கதவு. கனமாக இருக்கும். மேலே மடங்கிய கையைப் போல ஒரு குளோசர், ஆள் போனதும் தானாக இழுத்து மூடுவதற்கு. 164ஆவது விதி அந்தக் குளோசர் கட்டாயம் வேண்டும் என்கிறது. இந்தக் கதவு மூடியிருந்தால் பருப்புப் புகை எட்டாவது மாடியோடு நின்றிருக்கும். எங்கள் மாடியில் குளோசரின் எண்ணெய் எப்போதோ ஒழுகிப் போய், கை மட்டும் தொங்குகிறது. பாதி மாடிகளில் குளோசர் நல்லாயிருக்கிறது, அதனாலேயே அங்கே தொல்லை: கதவு டமார் என்று அடிக்கிறது, பிள்ளை தூங்க முடியவில்லை என்று முட்டுக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் மாடி முட்டு ஒரு கலைப்பொருள். பழைய பெயிண்ட் டின்னில் சிமெண்ட் ஊற்றி, காய்வதற்கு முன் நடுவில் கம்பியை வளைத்துச் செருகி, கைப்பிடிக்கு ரப்பர் குழாய் சுற்றி, தரை கீறாமல் அடியில் பழைய ஜப்பான் செருப்பை வெட்டி ஒட்டியிருக்கிறார் யாரோ. இவ்வளவு மெனக்கெட்டவருக்குக் குளோசரைக் கழற்றி இரும்புச் சாமான் கடைக்கு எடுத்துப்போக நேரம் கிடைக்கவில்லை.

தீயணைப்புத் தண்ணீர்ப் பெட்டியைத் திறந்தால் இன்னொரு வேடிக்கை. 1984 விதிகளின்படி உச்சித் தளம் 18.3 மீட்டரைத் தாண்டினால் கட்டடத்துக்குள் உலர் குழாய் ஏற்ற வேண்டும், 30.5 மீட்டரைத் தாண்டினால் எப்போதும் தண்ணீர் நிறைந்த குழாய். பொம்பா என்கிற தீயணைப்புக்காரர்கள் மேலே ஏறி வந்து ஹோஸை மாட்டுவதற்கு மாடிக்கு மாடி பித்தளை வாய் வைத்திருப்பார்கள். பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் என்ன விலை என்று எங்களுக்குத் தெரியாது, எடுத்துப் போனவனுக்குத் தெரியும். இப்போது அந்தப் பெட்டிக்குள் துடைப்பம், ஊதுபத்திக் கட்டு, யாரோ ஒளித்துவைத்த செருப்பு. திருட்டுப் போனதற்குப் போலீசில் புகார் கொடுத்தார்கள், புதிதாக வாங்கவில்லை. மறுபடியும் திருடிவிடுவானாம்.

திருடன் என்றதும் எங்கள் ஊர் மனசு எப்படி வேலை செய்யும் என்று தெரியுமல்லவா? பலகைக் கதவுக்கு வெளியே இரும்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு மேல் சங்கிலி, சங்கிலிக்கு இன்னொரு பூட்டு. பத்தாவது மாடி சன்னலுக்கும் கம்பி. அங்கே ஏறி வருகிற திருடனைக் கும்பிட வேண்டும். சாவி எங்கே என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டால் அப்பா அம்மாவைக் கேட்பார், அம்மா மகளைக் கேட்பார், கடைசியில் சாமி மேடையில் விபூதித் தட்டுக்கு அடியில் இருக்கும். தாழ்வாரக் கோடியில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருபடி மேலே போய், தாழ்வாரத்துக்கே குறுக்கே கேட் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கப் படிக்கட்டு கேட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. வெளியேறும் கதவை உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும் என்பது 173ஆவது விதி. இரண்டு படிக்கட்டு வைத்துக் கட்டிய கட்டடம், எங்கள் பக்கத்து வீடுகளுக்கு இப்போது ஒற்றைப் படிக்கட்டு.

2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூரில் ஒரு தாஃபிஸ் சமயப் பள்ளி விடுதி எரிந்தது. பிள்ளைகளும் வார்டன்களுமாக 23 பேர். சன்னல்களில் கழற்ற முடியாத கம்பி. உள்ளே இருந்த பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியதை எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். அன்றைக்கு நாடே அழுதது. பத்திரிகைகள் எல்லாம் சன்னல் கம்பியைப் பற்றி எழுதின. எங்கள் பிளாட்டில் எத்தனை பேர் ஒரு சன்னல் கம்பியையாவது கீல் போட்டு உள்ளிருந்து திறக்கிற மாதிரி மாற்றினார்கள்? எனக்குத் தெரிந்து யாருமில்லை. அதே வருஷம் ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர். 24 மாடி, ஒரே படிக்கட்டு, ஒரு வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஆரம்பித்த தீ, 72 உயிர். வெளிச்சுவரில் ஒட்டிய தகடுதான் தீயைப் பரப்பியது, ஆனால் மேலே இருந்தவர்கள் இறங்க முடியாமல் போனதற்குப் புகை நிறைந்த அந்தப் படிக்கட்டும் ஒரு காரணம்.

2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் தை போவில் வாங் ஃபுக் கோர்ட் எரிந்தபோது, எங்கள் பிளாட் சீனக் கிழவர்கள் காப்பிக் கடையில் அதைத் தவிர வேறு பேசவில்லை. எட்டுக் கட்டடத்தில் ஏழு பற்றியது. 150க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அங்கே பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. மூங்கில் சாரம், அதைச் சுற்றி வலை. சன்னல் கண்ணாடி உடையாமல் இருக்க வெளியே ஸ்டைரோஃபோம் பலகையை ஒட்டியிருந்தார்கள். நல்ல காரணம்தான். கண்ணாடி உடையக் கூடாது, எங்களுக்குப் படி நனையக் கூடாது. காப்பிக் கடையில் ஒரு அங்கிளிடம், “நம்ம படிக்கட்டையும் பாருங்க அங்கிள்” என்றேன். அவர், “அது ஹாங்காங் லா” என்று கயா ரொட்டியைக் காப்பியில் தோய்த்தார்.

இவ்வளவு தூரம் புகையைக் கண்டுகொள்ளாத இதே ஊர், புகைமூட்டம் என்றால் எப்படிப் பதறும் பாருங்கள். 2015இலும் 2019இலும் சுமத்ராவில் காடு எரிந்து இங்கே வானம் மஞ்சளாகிப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். காற்றுத் தரக் குறியீடு எத்தனை என்று மணிக்கொரு தரம் போனைப் பார்த்தோம், முகக்கவசம் பெட்டி பெட்டியாக வாங்கினோம். மலாக்கா நீரிணையைத் தாண்டி வருகிற புகைக்கு அவ்வளவு மரியாதை. கீழ்மாடியிலிருந்து வரப்போகிற புகைக்கு ஒரு மரியாதையும் கிடையாது.

பழைய கடைவீடுகளில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்த நீளமான, ஒடுக்கமான வீடுகளுக்கு நடுவில் வானம் தெரிகிற முற்றம் ஒன்று உண்டே, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். ஏர்கான் வீணாகிறது என்று அதற்கு மேலே பலருக்கு இப்போது பிளாஸ்டிக் கூரை. மரப்படி, மரத்தளம், பலகைத் தடுப்பு, முன்னால் ஒரு வழி, பின்னால் சந்து. அதைப் பற்றித் தனியாகவே புலம்ப வேண்டும், இன்றைக்கு எனக்கு என் படிக்கட்டு போதும்.

புகார் கொடுக்கவில்லையா என்பீர்கள். ஒரு கவுண்டரில், இது நிர்வாகத்தின் விவகாரம், முதலில் அங்கே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நிர்வாகத்தில், இதற்கு அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று அந்தக் கவுண்டரில் கேட்டு வாங்கி வாருங்கள் என்றார்கள். சட்டத்தில் குறையில்லை. 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டம் தப்பிக்கும் வழியைக் கடினமாக்கும்படி கட்டடத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக மாற்றுவதையே தீ அபாயம் என்று சொல்கிறது, அதை நீக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க பொம்பாவுக்கு அதிகாரம் உண்டு. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் எல்லாரும் கட்டுகிற பராமரிப்புக் காசுக்கு மேல் அதில் 10 விழுக்காட்டைச் சேமநிதிக்குத் தனியாகக் கட்டச் சொல்கிறது, பெரிய செலவுக்கென்று. எங்கள் சேமநிதி போன முறை கட்டடத்துக்கு வண்ணம் பூசப் போனது. என்ன வண்ணம் என்பதற்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். பீச் நிறம் ஜெயித்தது. படிக்கட்டுக் குளோசர்களை மாற்ற அதில் சின்னப் பங்கு போதும்.

சாரலுக்கும் வழியில்லாமல் இல்லை. சாய்வாக அடுக்கிய அலுமினியத் தகடு வைத்தால் மழை பெரும்பாலும் வெளியே நிற்கும், புகை உள்ளே நிற்காது. ஒன்றுதான் கவனிக்க வேண்டும்: தகடுகளுக்கு இடையே உண்மையில் காலியாக இருக்கிற இடம் எவ்வளவு என்று அளக்க வேண்டும், வெளிச்சட்டத்தை அளந்து 1 சதுர மீட்டர் இருக்கிறது என்று கையெழுத்துப் போடக் கூடாது. அகலமான கண்ணி வைத்த வலை புறாவுக்கு. இதெல்லாம் பச்சைத் தகட்டைவிட விலை கூடத்தான். அந்தத் தகட்டை ஒட்டக் கொடுத்த காசை முதலிலேயே இதில் போட்டிருக்கலாம் என்று சொன்னால், “அது போன கமிட்டி அண்ணே” என்கிறார் தம்பி. போன கமிட்டியிலும் அவர்தான் இருந்தார்.

ஆகவே வருகிற பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். கூட்டத்துக்கு 7 நாள் முன்னால் எழுத்தில் கொடுத்துவிட்டால் நிகழ்ச்சிநிரலில் சேர்த்தாக வேண்டும், மீ கோரேங்குக்குப் பிறகு பேசினோம் என்று சொல்ல முடியாது. மலாயில் எழுதி, மகளிடம் கொடுத்துப் பிழை திருத்தியாயிற்று. பராமரிப்புக் காசு பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை என்பதால் என் பக்கம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் கழிந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அங்கிள் கை தூக்குகிறேன் என்கிறார், ஒரு நிபந்தனையோடு: புறாவுக்குத் தீனி போடுகிறவர்களுக்கு அபராதம் என்று அவர் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறார், அதற்கு நான் கை தூக்க வேண்டும். நியாயமான பேச்சுதான், புறா இல்லாவிட்டால் தகடும் வேண்டியதில்லை. ஆனால் தினமும் காலையில் புறாவுக்கு அரிசி போடுகிற அம்மா இருப்பது என் பக்கத்து வீட்டில். பாக்கி ஒரு காசு வைக்காதவர், அவருடைய ஓட்டும் எனக்கு வேண்டும்.